ஏவாமல் ஒப்படைத்தல்

டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தைப் பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் கூடி உருவாக்கி வருகிறார்கள். இயன் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர் 1993 ஆகஸ்டு 16 அன்று தொடங்கிய திட்டம் அது. அதற்கென்று ஓர் அமைப்புச் சட்டம் உண்டு. 1998 டிசம்பரில் ஏற்கப்பட்டது. ஒரு நிறுவனத்தின் சட்டத்தைப் புரட்டினால், யார் எதைச் செய்தாக வேண்டும் என்பதுதான் முதலில் கண்ணில் படும். டெபியனின் சட்டமோ தொடக்கப் பகுதியிலேயே நேர்மாறான ஒன்றைச் சொல்லிவிடுகிறது. இச்சட்டத்தின் எந்த விதியும் எவரையும் வேலை செய்யும்படி கட்டாயப்படுத்தாது. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணியைச் செய்ய ஒருவருக்கு மனமில்லை என்றால் அவர் செய்ய வேண்டியதில்லை. முறைப்படி எடுக்கப்பட்ட முடிவுகளுக்கு எதிராகச் செயல்படாமல் இருந்தால் போதும்.

இந்த விதியைச் சற்று நின்று படிக்க வேண்டும். மறுக்கும் உரிமை உள்ளவரிடம் ஒரு வேலையை ஒப்படைப்பது என்றால் என்ன பொருள்? அலுவலகத்தில் மேலதிகாரி ஒரு கோப்பை உதவியாளரின் மேசைக்கு அனுப்பும்போது, அந்தக் கோப்புக்குப் பின்னால் சம்பளம் நிற்கிறது, பதவி உயர்வு நிற்கிறது, இடமாற்றம் பற்றிய அச்சமும் நிற்கிறது. தன்னார்வப் பணியில் இவற்றுள் ஒன்றும் கிடையாது. எனவே ஏவலுக்கு அங்கே இடமில்லை. ஏவல் ஒருவரைச் செயலை நோக்கித் தள்ளுவது. ஒப்படைப்பு ஒன்றை ஒருவர் கைக்கு மாற்றுவது. அப்படிக் கைமாறுவது எது? வேலைதான் என்று சட்டென்று விடை சொல்லத் தோன்றும். அந்த விடையோடு நின்றுவிட்ட திட்டங்களில்தான் மனிதர்கள் களைத்து விழுகிறார்கள்.

முதலில் களைப்பின் இயல்பைப் பார்ப்போம். பொறை என்றால் சுமை. பொறுத்தல் என்றால் தாங்குதல். பொறுப்பு என்ற சொல்லும் அந்த வேரிலிருந்து வந்ததே. ஆனால் இன்றைய வழக்கில் பொறுப்பு என்பது சுமையைத் தாங்குவதோடு, அதற்குப் பதில் சொல்வதையும் குறிக்கிறது. ஒரு மென்பொருளின் பராமரிப்பாளரை அழுத்துவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பங்கு. நிரல் எழுதுவது அவருக்கு இன்பம், அதற்காகத்தான் வந்தார். அவர் எழுதாத நேரத்திலும் அவரைத் தேடி வருபவை வேறு: இந்த வழு உண்மையா, இந்தத் திருத்தத்தை ஏற்கலாமா, இந்த உரிமம் பொருந்துமா, அடுத்த வெளியீடு எப்போது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஒவ்வொன்றும் அவர் ஒருவருக்காகவே காத்துக்கிடக்கிறது. கல்யாண வீட்டில் உக்கிராண அறைச் சாவியை இடுப்பில் செருகியிருப்பவரைப் போன்ற நிலை அது. சமைப்பது அவரல்ல, பரிமாறுவதும் அவரல்ல. ஆனாலும் ஒவ்வொரு படி அரிசிக்கும் அவரைத்தான் தேடுகிறார்கள். அவருக்கு உதவியாக இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தால், தேடி வருகிறவர்களின் எண்ணிக்கை பத்துக் கூடும். சாவி இருக்கும் இடம் மாறாது.

பணியைப் பகிர வேண்டுமானால் பொருள் பகிரத்தக்கதாக இருக்க வேண்டும். இதை மர்டாக் மிக முன்னதாகவே உணர்ந்தார் என்றே கருதுகிறேன். 1994 ஜனவரியில் டெபியன் 0.91 வெளிவந்தபோது சில டஜன் பேர் திட்டத்தில் பங்கேற்றார்கள். ஆயினும் வெளியீட்டைத் தொகுத்துச் சேர்க்கும் வேலையைப் பெரும்பாலும் அவரே செய்தார். அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும் பொதுமக்களுக்கான வெளியீடு எதுவும் இல்லை. பிறர் பங்களிப்பதற்கு ஏற்ற வகையில் திட்டத்தைச் சீர்படுத்துவதிலும், டிபிகேஜி என்னும் பொதிக் கருவியை உருவாக்குவதிலும் அவ்வாண்டு கழிந்தது. அக்கருவியின் பெரும்பகுதி இயன் ஜாக்சனின் உழைப்பு. அடுத்த பொது வெளியீடு 1995 மார்ச்சில் வந்தது. அப்போது ஒவ்வொருவரும் தமக்குரிய பொதிகளைத் தாமே பராமரித்தார்கள்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த ஓராண்டு தேக்கமாகத் தெரிந்திருக்கலாம். உள்ளே நடந்தது எல்லை வகுத்தல். பொதி என்பது தொழில்நுட்பத்தில் ஒரு கோப்பு. ஒரு நிரலும், அதை நிறுவும் முறையும், அது வேறு எவற்றைச் சார்ந்திருக்கிறது என்ற குறிப்பும் அடங்கிய கட்டு. அமைப்பு முறையில் அதுவே ஒரு வரப்பு. வரப்புக்கு உள்ளே எடுக்கும் முடிவுக்கு எவரையும் கேட்க வேண்டியதில்லை. வெளியே பாதிப்பு ஏற்படுமானால் எல்லோருக்கும் பொதுவான கொள்கை ஏட்டைப் பார்க்க வேண்டும். முதல் ஒப்படைப்பை நிகழ்த்தியது இந்தக் கருவிதான் எனலாம். 1998 ஜூலையில் வந்த 2.0 வெளியீட்டில் 1,500க்கு மேற்பட்ட பொதிகள், 400க்கு மேற்பட்ட பராமரிப்பாளர்கள். 2023 ஜூனில் வந்த 12ஆம் வெளியீட்டில் 64,419 பொதிகள். எந்தத் தனி மனிதரின் மேசை வழியாகவும் இவ்வளவு பொதிகள் கடந்து வந்திருக்க முடியாது.

ஒரு மேசை வழியாகவே எல்லாம் கடந்து போனால் என்ன ஆகும் என்பதற்கு லினக்ஸ் கருநிரலின் வரலாறு சான்று. 1998இலும் மீண்டும் 2002இலும் அங்கே ஒரே முறையீடு எழுந்தது: அதன் தலைமைப் பராமரிப்பாளர் லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அனுப்பும் திருத்தங்கள் மறுமொழியின்றி மறைந்துபோகின்றன, அனுப்பியவரே திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கிறது. 2002இல் பிட்கீப்பர் என்ற கருவியும், அது கைவிட்டுப் போன 2005இல் அவரே எழுதிய கிட்டும், துறைவாரியான துணைப் பராமரிப்பாளர்களின் படிநிலையும் அந்த நெரிசலைத் தளர்த்தின. ஆனால் கருநிரலில் உழைப்பவர்களுள் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் சம்பளத்தில் இருப்பவர்கள். சம்பளமில்லாதவர்களைப் பற்றிய கேள்விக்கு டெபியனிடமே திரும்ப வேண்டும்.

அடுத்த படலம் அதிகாரம். டெபியன் சட்டத்தின் எட்டாம் பிரிவு, திட்டத் தலைவர் தம் அதிகாரத்தை ஒப்படைக்கும் பொறுப்பாளர்களைப் பற்றியது. அவர்களை நியமிப்பவர் தலைவர்; மாற்றுபவரும் அவரே. ஆனால் இரண்டு விலக்குகள் உண்டு. இன்ன முடிவை எடுத்தால்தான் இப்பதவி என்று அவர் நிபந்தனை விதிக்கலாகாது. பொறுப்பாளர் எடுத்துவிட்ட முடிவைத் தலைவர் மாற்றலாகாது.

இந்த இரண்டாவது விலக்கே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி என்பேன். நடைமுறையில் நாம் காணும் ஒப்படைப்புகள் பலவும் வேலையைக் கொடுத்து, முடிவைக் கையில் வைத்துக்கொள்பவை. நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்பார் கொடுப்பவர். செய்து கொண்டுவந்தால், இப்படியா செய்வது என்று பிரித்து மறுபடி கட்டுவார். இதில் இருவருக்கும் நட்டம். கொடுத்தவர் அதே வேலையை மேற்பார்வை என்ற பெயரில் மறுபடி செய்கிறார். பெற்றவரோ தம் முடிவு நிலைக்காது என்பதைக் கண்டுகொண்டு, அடுத்த முறை முடிவெடுக்காமல் கேள்வி கேட்டு அனுப்புகிறார். அந்தக் கேள்வி மீண்டும் பழைய மேசைக்கே வந்து சேர்கிறது. சம்பளம் வாங்குபவராவது முகம் சுளித்தபடி தொடர்வார். தன்னார்வலருக்குக் கிடைப்பதே தம் மதிப்பீட்டின்படி ஒன்றைச் செய்து நிறுத்தும் நிறைவு. அதைப் பறித்தால் அவர் ஏன் நாளையும் வர வேண்டும்?

ஆகையால் கைமாறுவது முடிவெடுக்கும் உரிமை. அதில் தவறும் உரிமையும் அடக்கம். நான் செய்திருந்தால் வேறு மாதிரிச் செய்திருப்பேன் என்று நினைத்துவிட்டு வாய்மூடி இருப்பது, ஒப்படைத்தவர் கொடுக்க வேண்டிய விலை. டெபியன் சட்டம் இந்தத் தன்னடக்கத்தை ஒருவரின் நற்குணத்துக்கு விட்டுவிடாமல் விதியாக்கியிருக்கிறது. பொறுப்பாளர் தொடர்ந்து தவறினால் தலைவர் அவரை மாற்றலாம். முன் எடுத்த முடிவைத் தலைவர் கை வைத்துத் திருத்த முடியாது. ஆளைத் திரும்ப அழைப்பது வேறு, செயலைத் திரும்ப அழைப்பது வேறு. இந்த வேறுபாடு நிலவும் இடத்தில்தான் பெற்றவர் தயக்கமின்றித் தீர்ப்புச் சொல்வார்.

இன்னொரு நுட்பமும் அதே பிரிவில் உள்ளது. சில முடிவுகளைத் தலைவர் நேரடியாக எடுக்கவே கூடாது; பொறுப்பாளர்களே எடுக்க வேண்டும். யாரை உறுப்பினராகச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பவை அவற்றுள் முக்கியமானவை. அதிகாரம், குறிப்பாக உறுப்புரிமை மீதான அதிகாரம், ஒருவரிடம் குவிந்துவிடாமல் இருப்பதற்காக என்று சட்டமே காரணம் கூறுகிறது. அதற்கு மறுபக்கமும் உண்டு. தலைவரிடம் இல்லாத அதிகாரத்துக்காக எவரும் அவரை இரவு பகலாகத் தொந்தரவு செய்ய முடியாது.

மனிதரிடம் ஒப்படைக்கத் தேவையே இல்லாத முடிவுகளும் உண்டு. புதிய பதிப்பு ஒவ்வொன்றும் முதலில் நிலையற்ற கிளைக்குள் வருகிறது. அடுத்த வெளியீட்டுக்கான சோதனைக் கிளைக்கு அது எப்போது நகரலாம் என்பதை யாரோ ஒருவர் உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை. அவசரத்தைப் பொறுத்து 2, 5 அல்லது 10 நாள் காத்திருக்க வேண்டும். வெளியீட்டைத் தடுக்கும் புதிய வழு இருக்கக் கூடாது. அது நகர்வதால் பிற பொதிகள் உடையக் கூடாது. இவற்றைச் சரிபார்த்து நகர்த்துவது ஒரு நிரல். விதியாக எழுத முடிந்ததை விதியிடம் விட்டுவிட்டு, எழுத முடியாத விலக்குகளை மட்டும் வெளியீட்டுக் குழு பார்க்கிறது. ஒரே வகையான கேள்விக்கு ஒருவர் ஒரே விடையைப் பலமுறை சொல்லிக்கொண்டிருந்தால், அங்கே ஆள் தேடுவதற்கு முன் அந்த விடையை எழுதிவைப்பது நல்லது.

இதுவரை சொன்னவற்றால் ஒப்படைப்பைப் பக்கவிளைவற்ற மருந்தாக எண்ணிவிடக் கூடாது. வரப்பு கட்டினால் வரப்புக்குள்ளே உரிமையுணர்வு முளைக்கும். இது என் பொதி, நீ தொடாதே என்பது அதன் கசந்த வடிவம். அதைவிடக் கடினமானது, உரிமையாளர் சத்தமில்லாமல் மறைந்துவிடுவது. தன்னார்வலர் விலகல் கடிதம் எழுதுவது அரிது. வேலை மாறும், குழந்தை பிறக்கும், ஆர்வம் தேயும். அடுத்த வாரம் பார்ப்போம் என்று தமக்கே சொல்லிக்கொண்டு மாதங்கள் கடத்துவார். ஊரறியக் கைவிட்ட பொதியை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். கைவிட்டதாகச் சொல்லாமல் விட்ட பொதியை மரியாதை கருதி எவரும் தொடமாட்டார். 2003 முதல் 2005 வரை திட்டத் தலைவராக இருந்த மார்ட்டின் மிக்கல்மயர், தனி மனிதர்களை நம்பியிருப்பதால் கட்டற்ற மென்பொருளின் தரத்துக்கு நேரும் இடரைத் தம் ஆய்வுப் பொருளாகவே எடுத்துக்கொண்டார். டெபியன் இதற்கென்று சில வழக்கங்களை வகுத்தது. பராமரிப்பாளரல்லாத ஒருவரும், முன்னறிவிப்போடு, குறிப்பிட்ட ஒரு வழுவைத் திருத்திப் பொதியைப் பதிவேற்றலாம். காணாமல் போனவர்களைக் கண்ணியமாக விசாரித்து, தேவையானால் அவர்கள் பொதிகளை விடுவிக்க ஒரு குழு இருக்கிறது. ஒருவருக்குப் பதில் குழுவே ஒரு பொதிக்குப் பொறுப்பேற்கும் பழக்கமும் பரவியது.

களைத்தவர் ஏன் முன்கூட்டியே ஒப்படைப்பதில்லை என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. பேராசை, பிடிவாதம் என்று குணத்தின் மேல் பழி போடுவது எளிது. கணக்குத்தான் முதற்காரணம். தாமதமான திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று பிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதிய நூலில் காட்டினார். புதியவருக்குக் கற்றுக்கொடுப்பவர் பழையவர்; அந்த நேரம் அவர் வேலையிலிருந்துதான் கழிகிறது. பேச்சுத் தொடர்புகளும் பெருகுகின்றன: ஐவருக்குள் 10 இணைகள், பதின்மருக்குள் 45. சம்பளமுள்ள இடத்தில் இது முதலீடு. தன்னார்வப் பணியிலோ, மூன்று மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர் நான்காம் மாதம் வராமல் போகலாம். அதற்கு அவருக்கு முழு உரிமையும் உண்டு. இரண்டு முறை இப்படி நடந்தால், நானே செய்துவிடுவது விரைவு என்ற முடிவுக்கு எந்த நல்ல மனிதரும் வருவார். இன்றைய மாலைக்கு அந்த முடிவு சரி. மூன்று ஆண்டுக்குச் சரியல்ல. களைப்பு கண்ணை மறைக்கும்போது இன்றைய மாலையைத் தாண்டி எதுவும் தெரிவதில்லை.

புதியவரிடம் முழுப் பொறுப்பையும் ஒரேயடியாகக் கொடுப்பது ஒரு தாவல்; அதன் நீளத்தைக் குறைக்க ஒரு வழி, படிகள் வைப்பது. 1999 இறுதியில் டெபியன் புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பதையே நிறுத்த வேண்டியிருந்தது. 2000இல் வாயில் மீண்டும் திறந்தபோது, அதே பணி பல கைகளாகப் பிரிந்திருந்தது: விண்ணப்பத்தை வாங்குபவர் ஒருவர், விண்ணப்பதாரரோடு மாதக்கணக்கில் பேசி அறிவைச் சோதிப்பவர் இன்னொருவர், இறுதியில் கணக்கைத் திறப்பவர் வேறொருவர். 2007இல் இன்னொரு படி சேர்ந்தது. முழு உறுப்பினராகாமலே, தமக்கு அனுமதிக்கப்பட்ட பொதிகளை மட்டும் நேரடியாகப் பதிவேற்றும் நிலை அது. அதிகாரம் முழுதாகவோ வெறுமையாகவோ மட்டும் கிடைக்கும் பண்டமாக இருந்தவரை, கொடுக்கத் தயங்கியவர்களின் தயக்கத்தில் நியாயம் இருந்தது. சிறு நாணயமாக மாற்றியபின் கொடுப்பதும் எளிது, தேவைப்பட்டால் திரும்பப் பெறுவதும் எளிது.

பணம் கொடுத்துவிட்டால் தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. டெபியன் அதையும் பார்த்தது. 2006இல் அப்போதைய தலைவர் ஆண்டனி டவுன்ஸும் சிலரும், திட்டத்துக்கு வெளியே நிதி திரட்டி, இரண்டு வெளியீட்டு மேலாளர்களுக்கு ஆளுக்கு ஒரு மாத முழுநேர ஊதியம் தர ஏற்பாடு செய்தார்கள். குறித்த நாளில், அதாவது டிசம்பர் 4 அன்று, வெளியீடு வந்துவிட வேண்டும் என்பது நோக்கம். கடும் சச்சரவு எழுந்தது. தலைவரைத் திரும்ப அழைக்கும் தீர்மானம் வாக்கெடுப்புவரை சென்று தோற்றது. அவர்களுக்கு மட்டும் பணம் என்றால் எங்கள் உழைப்புக்கு என்ன மதிப்பு என்று சிலர் கையைக் கட்டிக்கொண்டார்கள். வெளியீடு 2007 ஏப்ரல் 8 அன்றுதான் வந்தது. தாமதத்துக்கு அந்த ஏற்பாடே காரணம் என்று நான் வாதிடவில்லை. ஊதியம் ஒருவரின் நேரத்தைக் கூட்டித் தரும்; மற்றவர்கள் தம் பணியைப் பற்றி வைத்திருக்கும் கணக்கையும் அது கலைத்துவிடும் என்ற அளவில் நிற்கிறேன்.

காலம் தாழ்ந்து செய்யும் ஒப்படைப்பின் ஆபத்தைக் காட்டியது எக்ஸ்இசட் என்னும் சுருக்கு மென்பொருளின் கதை. கணக்கற்ற இயங்குதளங்களில் இடம்பெற்ற அதனை ஒரே ஒருவர், ஊதியமின்றி, பொழுதுபோக்காகப் பராமரித்தார். 2022இல் அவர்மேல் நச்சரிப்பு பெருகியது: ஏன் தாமதம், ஏன் வேறொருவரிடம் கொடுக்கக் கூடாது என்று அறிமுகமில்லாத பெயர்கள் நெருக்கின. அதே காலத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கை பெற்று இணைப் பராமரிப்பாளரானார். வெளியீட்டுக் கோப்பைக் கட்டும் உரிமையும் அவர் கைக்குப் போனது. 2024இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளின் வெளியீட்டுக் கோப்புகளில் பிறர் கணினிக்குள் நுழைவதற்கான கள்ளவழி ஒளிந்திருந்தது. டெபியனின் நிலையற்ற கிளையைப் பயன்படுத்திவந்த ஆண்ட்ரஸ் பிராய்ண்ட், தொலை நுழைவு ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவி, மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். டெபியனின் நிலைத்த வெளியீட்டுக்கு அது வந்து சேரவில்லை.

இதைப் படித்து, யாரையும் நம்பாதே என்ற பாடத்தை எடுப்பவர்கள் அந்தப் பராமரிப்பாளரை இன்னும் தனிமையில் தள்ளுகிறார்கள். அவர் ஒப்படைத்ததில் பிழையில்லை. தேர்ந்தெடுக்கும் நிலையில் அவர் இல்லை என்பதே துயரம்: கேட்டவர் ஒருவர்தான், கொடுக்க இருந்ததும் ஒரே திரட்டான உரிமை, பக்கத்தில் இருந்து பார்க்க வேறு கண்கள் இல்லை. படிகள் இருந்திருந்தால் பொறுமையுள்ள கள்வன் படிப்படியாகவே ஏறியிருப்பான் என்று சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு படியிலும் வேறொருவர் நின்றிருப்பார்.

பழுது வருமுன் பொறுப்பைப் பிரித்த எடுத்துக்காட்டும் உண்டு. லினக்ஸ் கருநிரலின் எக்ஸ்எப்எஸ் கோப்பு முறைமைக் குழு, அதன் பராமரிப்பாளர் பதவியிலிருந்து இறங்கிய 2023இல், ஒருவர் தலையில் கிடந்ததை எட்டுப் பாத்திரங்களாக எழுதிவைத்தது. சோதனையை நடத்துபவர், வழுக்களை வகைப்படுத்துபவர், வெளியீட்டைத் தொகுப்பவர், சமூகத்தின் பூசல்களைக் கவனிப்பவர், பழைய பதிப்புகளைப் பேணுபவர் என்று அது நீளும். ஒருவர் பல பாத்திரங்களை ஏற்கலாம்; ஒரு பாத்திரத்தைப் பலரும் ஏற்கலாம். ஏற்பவர் தம் களைப்பை அவ்வப்போது தாமே சோதித்துக்கொள்ள வேண்டும் என்ற அறிவுரையையும் அந்த ஆவணத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். தொழில்நுட்ப ஆவணத்தில் இப்படி ஒரு வரியைக் காண்பது புதிது.

பிரித்துப் பிரித்துக் கொடுத்தபின் கடைசியில் எஞ்சுவது என்ன? 2019 மார்ச்சில் டெபியனின் தலைவர் தேர்தலுக்கு வேட்புமனுக் காலம் முடிந்தபோது ஒருவர்கூட முன்வரவில்லை. சட்டத்தில் இதற்கும் வழி இருந்தது: ஒரு வாரம் நீட்டிக்க வேண்டும், தேவையானால் மீண்டும் மீண்டும். தலைவரே இல்லாமல் போனால் செயலரும் தொழில்நுட்பக் குழுவின் தலைவரும் சேர்ந்து அவர் இடத்தில் முடிவெடுக்கலாம் என்ற விதியும் இருந்தது. நீட்டித்த வாரத்துக்குப் பின் வாக்குச்சீட்டில் நால்வரின் பெயர்கள் இருந்தன. மிக்கல்மயரும் அவர்களுள் ஒருவர். சாம் ஹார்ட்மன் வென்றார்.

நாற்காலிக்கு ஆள் இல்லாமலே திட்டம் நடக்கும் அளவுக்கு அதிகாரம் பகிரப்பட்டிருந்தது என்று பெருமை கொள்ளலாம். என் கவனம் மறுபக்கம் போகிறது. அத்தனையும் பகிர்ந்தபின் தலைவரிடம் மிஞ்சியிருப்பவை எவருக்கும் கொடுக்க முடியாதவை அல்லது எவரும் கேட்டு வாங்காதவை: செலவுகளுக்கு ஒப்புதல், பயணம், உரை, மனம் கசந்த இருவருக்கு நடுவே உட்கார்ந்து பேசுவது. இவற்றுக்கு வரப்பு கட்ட எந்தப் பொதிக் கருவியும் இல்லை. ஓராண்டுப் பதவிக்காலம் என்ற வரம்பைத் தவிர இந்த மீதத்துக்குச் சட்டம் வேறு நிவாரணம் எதையும் வகுக்கவில்லை; ஆண்டுதோறும் வசந்தத்தில் அந்த வேட்புமனுக் காலம் திறக்கிறது.